கந்தே எலக் கரையில் ஒரு பகல் சாப்பாடு

காலை ஆறு மணிக்கு நுவரெலியாவில் பஸ் எங்களை இறக்கிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக் கிடந்த மனிதர்கள், இங்கே பல் தந்தியடிக்க நின்றோம். என் மனைவி யோகம் மாற்றுச் சேலையையும் எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். யோகத்தின் ஒரே தம்பி குமரன் மலைநாட்டில் ஆசிரியன். எட்டு வருடங்களுக்கு முன் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் இங்கத்தைய பெண் செல்வியைக் கட்டிக்கொண்டான். அவனைத் தாய்போல வளர்த்தவள் யோகம். "உன்ரை வீட்டிலை ஒரு மிடறு தண்ணியும் குடிக்கமாட்டன்" என்று அன்று சொன்னவள், இன்றுவரை பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் அவன் பெயரைக் கேட்டாலே கண் நிறைந்துவிடும். எனக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மலைக்குளம் பார்க்கலாம் என்று ஆசை காட்டினேன். குமரனுக்கும் ரகசியமாகப் போன் பண்ணினேன்.

"குளம் பாக்க வாறன். அவன்ரை வீட்டுப் படலை திறக்கமாட்டன், சொல்லிப்போட்டன்" என்றுதான் பஸ் ஏறினாள்.

ஒன்பது மணி. ஓட்டோ சாரதி மூவாயிரம் கேட்டு, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார். அம்பேவெலப் பக்கமாகப் பதினைந்து கிலோமீற்றர் அளவு; கடைசித் துண்டு நடை. பைன் மரங்களுக்கு நடுவே கந்தே எல நீர்த்தேக்கம் பச்சையாகக் கிடந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தே தண்ணீர் கண்டவர்கள் நாங்கள். யோகம் வாயில் கை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு தண்ணிக்கு எத்தினை பாத்தி வெங்காயம் நடலாம்!"

பதினொன்றரைக்குக் குமரனும் செல்வியும் வந்தார்கள். யோகம் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். செல்வி பாயை விரித்துப் பாத்திரங்களைத் திறந்தாள். புட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. யாழ்ப்பாணத்துக் கறித்தூளை அவளே வறுத்து இடித்தாளாம்.

"அக்கா, இது எங்க வீடு இல்லீங்க, காடு. இங்க சாப்பிடலாம்தானே?"

யோகம் என்னைப் பார்த்தாள். நான் மரங்களைப் பார்த்தேன்.

"ஓம், காடுதானே" என்று தட்டை வாங்கினாள்.

முதல் வாய்க்கு, "உப்புக் குறைவு" என்றாள். இரண்டாந்தரம் தட்டை நீட்டியபோது அதைப் பற்றிக் கதைக்கவில்லை. குமரன் உடைந்து அழுதான். யோகம் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்து, "சாப்பிடேக்கை அழாதையடா" என்றாள்.

மூன்று மணிக்குத் தெருவுக்கு நடந்து வந்தோம்; ஓட்டோ திரும்பி வந்து நின்றது. ஏறப் போன யோகம் நின்றாள்.

"பிள்ளை, உங்கடை வீடு எவ்வளவு தூரம்?"

"ஒரு மைல் இருக்கும், அக்கா."

"மழை வரும்போலை கிடக்கு. வீட்டை போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை.

"மழையா? எங்கேங்க?" என்ற சாரதியின் தோளை அழுத்தி, வண்டியை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன்.