மெத்தைக்கடை வேனில் ஸ்ரீபாலன்

எழுபதாம் வருஷ வாக்கில் காஞ்சிபுரத்தில் கல்யாணம் செய்துகொண்ட தம்பதிகளுக்கு ஒரு விஷயம் தெரியாது. சீரில் வந்த அந்தப் புத்தம்புது இலவம்பஞ்சு மெத்தையில் அவர்களுக்கு முன்பே ஒரு பிரம்மச்சாரி படுத்துப் புரண்டிருந்தான். பேர் ஸ்ரீபாலன். வேலாயுதத்தின் மெத்தைக்கடையில் வேன் ஓட்டினான்.

"ஒருத்தன் படுத்துப் பழக்கினாத்தான் மொதலாளி, பஞ்சு சமமா அமரும்" என்று அவன் சொன்னதை வேலாயுதம் நம்பினாரோ இல்லையோ, சரக்குக்குச் சம்பளமில்லாத காவல் கிடைத்ததில் அவருக்குத் திருப்தி.

வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் அம்மா தயாவதியோடு வாடகைக்குக் குடியிருந்தான். கட்டிலும் இருந்தது, கட்டிலில் மூட்டைப்பூச்சிகளும் இருந்தன. மற்ற வீடுகளில் வெந்நீரை ஊற்றுவார்கள். இவர்கள் ஜைனர்கள், கொல்லக் கூடாது. தயாவதி மயிலிறகால் பூச்சிகளைக் கொட்டாங்குச்சியில் தள்ளி, தெருமுனைக்குக் கொண்டுபோய், "நல்லா இருங்க" என்று வாழ்த்தி விட்டுவருவாள். அவள் திரும்புவதற்குள் அவை குறுக்குச் சந்து வழியாக வீடு வந்து சேர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பூச்சிகளும் உயிருக்குப் பயந்து இங்கேதான் அடைக்கலம் புகுந்தன.

ஆகவே ஸ்ரீபாலன் ஜைன வழக்கப்படி பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட்டு, அகதி எதுவும் கூட வராதபடி வேட்டி சட்டையை நன்றாக உதறிக்கொண்டு, வேனுக்குப் போய்விடுவான். வெயில் காலத்தில் கச்சபேஸ்வரர் கோயில் பக்கம், மழை என்றால் ரயிலடி மரத்தடி, தறிச் சத்தம் சீக்கிரம் தொடங்காத தெருவாகப் பார்த்து நிறுத்துவான். ஜன்னலுக்கு உறைத்துணியில் திரை, தலைமாட்டில் மண்கூஜா. ஜமீன்தார் கெட்டார்.

இந்தச் சுகத்துக்கு வந்தது வினை. திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் ஒரு பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள். தலை நிறையப் பஞ்சு ஒட்டியிருந்ததால் சிரித்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. முசரவாக்கம் அனந்தநாதன் நயினாரின் மகள், ஜ்வாலாமாலினி. கட்டினால் அவளைத்தான் என்றான் ஸ்ரீபாலன். பேச்சும் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது யாரோ ஒரு புண்ணியவான் நயினாரின் காதில் ஓதினான்: "பையன் ராத்திரியில வூட்லயே தங்கறதில்ல. தினம் ஒரு தெரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நயினார் குடையும் கையுமாக வந்து இறங்கினார்.

"தயாவதிம்மா, உன் புள்ள எங்க படுக்கறான்?"

"வேன்லதாண்ணா. வூட்ல பூச்சி கடிக்குது."

"பூச்சிக்குப் பயந்துக்கினு ஒரு ஆம்பள ஊர் சுத்துவானா? யார்கிட்ட காது குத்தற?" என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார்.

முதல் வாக்கியத்தை முழுதாகப் பேசினார். இரண்டாவதைச் சொறிந்துகொண்டே பேசினார். மூன்றாவதற்கு எழுந்து ஆடினார். மணிக்கட்டில் கொழுத்த பூச்சி ஒன்று நிதானமாக நடந்துபோயிற்று. நசுக்கவும் முடியாது, கொஞ்சவும் முடியாது. நயினாரே குனிந்து, அதைப் பத்திரமாகக் கட்டிலில் இறக்கிவிட்டார்.

"சரி, பூச்சி நெசம். வேனு நெசமான்னு பாக்கணும்."

மரத்தடியில் நின்ற வேனில் மறுநாள் கல்யாணத்துக்கான மெத்தை கிடந்தது. நயினார் உள்ளே ஏறிக் கொண்டை ஊசி, வாடின பூ, வளையல் துண்டு என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வெளியே ஸ்ரீபாலன் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"இதுல கால நீட்ட முடியுமா? பொய் சொல்ற நீ."

"நீட்டித்தான் பாருங்களேன், மாமா."

நீட்டினார். அவ்வளவுதான்.

குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. எஞ்சின் ஓடுவதாக நினைத்து, கையில் மூட்டையோடு ஓடிவந்த ஒருவர், "செவிலிமேடு போவுமாப்பா?" என்று கேட்டார்.

வெயில் தாழ்ந்தது. தயாவதி சோறாக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"எழுப்புடா! பொழுது போச்சுன்னா மனுஷன் பச்சத்தண்ணிகூடத் தொடமாட்டார். பட்டினி போட்டு அனுப்பினா பொண்ணு குடுப்பாரா?"

ஸ்ரீபாலன் கால் கட்டைவிரலை மெல்லத் தொட்டான். நயினார் குழந்தைபோல முனகி, காலை இழுத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவனுக்குக் கை வரவில்லை.

"தூங்கறவர எழுப்பறதும் ஹிம்சைதாம்மா."

தயாவதி தலையில் அடித்துக்கொண்டு, சோற்றை மூடிவைக்கப் போனாள்.

தெருவிளக்கு எரிந்த பிறகு நயினார் கண் விழித்தார். வானத்தைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார்.

"சாப்பாட்டு வேள போயிடுச்சே! எழுப்ப மாட்டியா நீ?"

"மனசு வரல மாமா. அப்படித் தூங்கினீங்க."

கல்யாணம் கவிழ்ந்தது என்று ஸ்ரீபாலன் தலையைக் குனிந்துகொண்டான். நயினார் தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லாத. எங்க வூட்லயும் இதே பூச்சிக் குடித்தனந்தான். நானும் ராத்திரியெல்லாம் எழுந்து ஒக்காந்துக்கினு, காவல் பாக்கறேன்னு ஊர ஏமாத்திக்கினு கெடக்கறேன்." மெத்தையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "பொண்ணு சீர்ல இதேமாதிரி ரெண்டு வெச்சிடறேன். ஒண்ணு எனக்கு."

மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மாப்ள, கதவ மெதுவா சாத்து."

ஸ்ரீபாலன் சத்தமில்லாமல் சாத்தினான். முன்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, பின்னாலிருந்து வந்த குறட்டையை விடிய விடியக் கெட்டிமேளமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.