போட்டு வைத்த முடிச்சு

கட்டிலில் கோட்டு ஒன்று, நீலச் சட்டை ஒன்று, டை நான்கு. வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்ட என் மகன், இன்றைய நேர்காணலுக்கு எது பொருந்தும் என்று கேட்டான். டைகளிலிருந்து அந்துருண்டை வாடை வந்தது.

அப்பாவின் ஒரே டையிலும் இதே வாடைதான். அவருக்கு முடிச்சுப் போடத் தெரியாது. யாரோ போட்டுக்கொடுத்த முடிச்சைத் தளர்த்தி, தலைவழியே கழற்றி பீரோவுக்குள் மாட்டிவைப்பார். அவருடைய மருந்து கம்பெனி மூடிய பிறகு ஒரே ஒரு நேர்காணல் வந்தது. அன்று காலை அம்மா டையை அவிழ்த்துத் துவைத்துவிட்டாள்.

"அவுத்துட்டியாடி? இந்த ஊர்ல யாருக்குடி இதக் கட்டத் தெரியும்?"

"அழுக்கு ஜாஸ்தியா இருந்துச்சிங்க."

முடிச்சுப் போடத் தெரிந்தவரைத் தேடி அப்பாவும் நானும் தேரடித் தெருவில் ஐந்து கடை ஏறி இறங்கினோம். கடைசியில் ஈர டையைக் கையில் பிடித்தபடியே பஸ் ஏறினார். அந்த வேலை கிடைக்கவில்லை.

கட்டிலில் கிடந்த நான்கில் ஒன்றில் மட்டும் முடிச்சு இருந்தது. அதை மகனிடம் நீட்டினேன்.

"பச்சைப்பா இது. நீலத்துக்குச் சேராது."

"சேராட்டி போவுது. முடிச்சு இருக்குதுடா."