அப்பா வாங்கி வந்த ஊர்

நெய்வேலி நகரியத்தில் யாராவது இறந்துபோனால், எப்படி இறந்தார் என்று கேட்பதற்கு முன்னால், "எத்தன மணிக்கு ஊருக்கு எடுக்குறாங்க?" என்றுதான் கேட்பார்கள். இங்கே எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸ் வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து, சாவுக்கு மட்டும் ஊருக்குப் போவார்கள். தெருவில் அமரர் ஊர்தி வந்து நின்றால், எந்த மாவட்டம் என்று கேட்டு, எந்த வழியில் போனால் சாலை நன்றாக இருக்கும் என்பதுவரை யோசனை சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்புவார்கள்.

அப்பா இறந்த அன்று, சென்னையிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் இருந்தது அவருக்கு. அவருடைய செக்ஷன் ஆட்கள் வண்டி சொல்லியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, நகரிய நுழைவாயிலான ஆர்ச் கேட்டிலிருந்து எங்கள் தெருமுனை வரை ஒட்டியிருந்தார்கள். போட்டோவில் அப்பா சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்போல இருந்தார். பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'திருவதிகை' என்று போட்டிருந்தது.

அப்பா திருவதிகைக்காரர் இல்லை. அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

எங்கள் ஊர் கம்மாபுரம் பக்கம். முந்திரித் தோப்பும் ஒரு ஏரியும் இருந்தன என்பது மட்டும் எனக்கு நினைவு. எனக்கு ஐந்து வயதாகும்போது ஊரே நிலக்கரிச் சுரங்கத்துக்கு, மைன்ஸுக்குப் போய்விட்டது. நிலம் கொடுத்ததற்கு அப்பாவுக்குப் பர்மனென்ட் வேலை கிடைத்தது. மற்றவர்கள் மாற்று மனை கொடுத்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் மட்டும் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். அப்பாவுக்கு, மைன்ஸில் வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் செக்ஷனில் வேலை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், அம்மாவிடம், "நம்ம ஏரிக்கர மண்ணு இன்னிக்கு பெல்ட்டுல போச்சி" என்றார். அம்மா குழம்பு ஊற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

நகரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. மே மாத லீவில் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போவார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது திரும்பி வந்து, தெருவில் வீட்டுக்கு வீடு ஊர்ப் பலகாரம் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு அத்தை திருநெல்வேலியிலிருந்து அல்வா கொண்டுவருவாள். எதிர்வீட்டிலிருந்து பாலக்காட்டு நேந்திரங்காய் சிப்ஸ் வரும். கோடி வீட்டிலிருந்து மணப்பாறை முறுக்கு. நாங்கள் எல்லாவற்றையும் வாங்கித் தின்போம். திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஊர் இல்லை. பலகாரத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா கொஞ்சம் சர்க்கரையை வைத்து அனுப்புவாள். ரேஷன் சர்க்கரைக்கு என்ன ஊர் இருக்கிறது!

ஐந்தாம் வகுப்பு தொடங்கிய முதல் நாள், டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி, சொந்த ஊர் எது, லீவில் அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டார். ஒருத்தி தாமிரபரணியில் குளித்தேன் என்றாள். ஒருவன் யானையைத் தொட்டேன் என்றான். என் முறை வந்தது. "எங்க ஊரு மைன்ஸுக்குள்ள இருக்கு டீச்சர்" என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "அப்ப லீவுக்கு குழியில எறங்கித்தான் போவியா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அதன்பிறகு நான் குழிக்காரி ஆகிவிட்டேன்.

அதே வாரம் அத்தை அல்வாத் தட்டோடு வாசலில் நின்று, "உங்களுக்கு எந்த ஊருட்டி? நீங்க ஊருக்கே போகமாட்டீகளா?" என்று கேட்டாள்.

"திருவதிகை" என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா வாழ்க்கைப்பட்ட ஊர் அது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் பெரிய கோயில் இருக்கிற, பஸ் போகிற, நாளைக்கும் இருக்கப்போகிற ஊர்.

பின்னால் சத்தம் கேட்டது. ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றிருந்தார். மானம் போயிற்று என்று நினைத்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்து, "ஆமாங்க. பண்ருட்டிக்குப் பக்கம். பலாப்பழம் நல்லாருக்கும்" என்றார்.

அடுத்த வார லீவு நாளில் அப்பா காலையிலேயே கிளம்பிப் போய், பெரிய பலாப்பழம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கைக்கு எண்ணெய் தடவி, பழத்தைப் பிளந்து, சுளைகளை எடுத்து, தெருவிலிருந்த எட்டு வீட்டுக்கும் தட்டுப் போட்டார். "எங்க ஊர்ப் பலான்னு சொல்லிக் குடும்மா" என்று என்னையே அனுப்பினார். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அப்பா எனக்கு ஒரு ஊரையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் எதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கினார் என்று யோசிக்கிற வயசில்லை. வயசு வந்தபிறகும் நான் யோசிக்கவில்லை, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூடத் தப்பாமல் பலாப்பழம் வந்தது. நான் கல்லூரிக்குப் போனேன், சென்னையில் வேலைக்குப் போனேன், கல்யாணமும் ஆயிற்று. தெருவில் பழைய ஆட்கள் ஓய்வு பெற்று ஊருக்குப் போக, புது ஆட்கள் வந்தார்கள். வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம்கூட எங்கள் பலாவைத் தின்றுவிட்டு, அவர்கள் ஊர் இனிப்பைக் கொண்டுவந்து கொடுத்தது. நடுவில் ஒருமுறை, "இன்னாப்பா இது, பழம் வருஷா வருஷம் சின்னதாகிகினே போவுது? கோணலா வேற இருக்குது. நல்லதா பாத்து வாங்கக் கூடாதா? தெருவுல மானம் போவுது" என்று சண்டை பிடித்தேன். "இப்ப காய்ப்பு இப்பிடித்தாம்மா" என்றார் அப்பா. ஆனால் அந்தக் கோணல் பழம் முன்னதைவிட இனித்தது. அதையும் நான் சொல்லவில்லை.

மாற்று மனைக்குப் போன எங்கள் ஆட்களைப் பார்க்க அப்பா என்னை அழைத்துப் போனதில்லை. கேட்டால், ஷிப்ட் என்பார். எனக்கும் அது நல்லதாகப் போயிற்று.

அப்பா இறந்த அன்று பதினோரு மணிக்கு எடுப்பதாக இருந்தது. திருவதிகையில் கெடில ஆற்றங்கரைச் சுடுகாட்டில் ஏற்பாடு செய்துவிட்டதாகப் பெரியம்மா மகன்கள் போன் செய்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். "அழாதட்டி. அவுக மண்ணுல அவுகள கொண்டு சேத்துருவோம். அதான முக்கியம்" என்றாள். அம்மா சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பொய்யை உடைக்கக்கூடாது என்று அப்பா அவளிடம் சொல்லிவைத்திருப்பார் என்று அந்தப் பார்வையிலேயே புரிந்தது.

அப்போதுதான் மாற்று மனையிலிருந்து எங்கள் பங்காளிகள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர். முன்னால் வந்தவர் அப்பாவுக்குத் தம்பி முறை, எனக்குச் சித்தப்பா. எனக்கு அவரை அடையாளம்கூடத் தெரியவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"ஆர்ச் கேட்டுல போஸ்டர் பாத்தோம். திருவதிகைன்னு போட்டுகீது. வேற யாரோன்னு அப்பிடியே திரும்பி இருப்போம், போட்டோ மட்டும் இல்லன்னா. அண்ணன் எப்பம்மா நம்ம ஊர வுட்டுட்டாரு?"

"அவரு விடல சித்தப்பா. நான்தான் விட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் சிரித்தது, அத்தை கேட்டது, பண்ருட்டிப் பலாப்பழம். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"பண்ருட்டிப் பழமா? மொதல்ல ஏழெட்டு வருசம் அங்கதான் வாங்கினாரு. ஊர வுட்டு வரும்போது உங்கப்பா அவரு கொல்ல மரத்து பலாக்கொட்டய துணியில முடிஞ்சி எடுத்துக்கினு வந்தாரு. குவார்ட்டர்ஸ்ல மரம் வச்சா நாளைக்கு காலி பண்ணணுமேன்னு எங்க வூட்டு பின்னால நட்டாரு. அது காய்க்க ஆரம்பிச்சதுலருந்து வருசா வருசம் வந்து பறிச்சி, தோள்ல வச்சிக்கினு பஸ் ஏறுவாரு. சின்னப் பழந்தான், கோணக் காயி. நம்ம மண்ணு இல்லல்ல, அப்பிடித்தான் காய்க்கும். ஏண்ணே, புள்ளைய ஒரு தபா கூட்டிக்கினு வாயேன்னு கேட்டா, வேணாம்டா, அதுக்கு சங்கடமா இருக்கும்னுவாரு."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெருவில் எட்டு வீட்டுக்கும் நான் தட்டு தட்டாகக் கொடுத்தது, பொய் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தது, எங்கள் ஊர்ப் பழம். அது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நான் வெட்கப்படுவேன் என்று பயந்திருக்கிறார் மனிதர்.

"நம்ம ஆளுங்கள எல்லாம் அங்கதான் எடுக்கிறோம், மாத்து மனை சுடுகாட்டுல" என்று சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "உனுக்கு சம்மதம்னா..."

பெரியம்மா மகன்களுக்கு நானே போன் செய்து, வரவில்லை என்றேன். அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபிக்கட்டும்.

பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அப்பாவை ஏற்றிக் கதவைச் சாத்தியதும், டிரைவர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "திருவதிகை இல்லன்னு சொன்னாங்க. வேற எந்த ஊருன்னு எழுதறது?" என்று கேட்டார். மாற்று மனைக்கு என்று ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம். நான் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, தெரு முழுக்கக் கேட்கும்படிச் சொன்னேன். சித்தப்பா டிரைவர் பக்கத்தில் ஏறி, வழியைத் தான் காட்டுவதாகச் சொன்னார்.

வண்டி நகர்ந்தது. பக்கத்தில் நின்றிருந்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னட்டி சொன்ன? அப்படி ஒரு ஊரு நான் கேள்விப்பட்டதே இல்லையே. அது எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"மைன்ஸுக்குள்ள இருக்கு அத்தை" என்றேன்.

ஐந்தாம் வகுப்பில் சொன்ன அதே பதில்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்னால் வந்து நின்று, எனக்காக "ஆமாங்க" என்று சொல்ல அப்பாவும் இல்லை.