சாவாத ஆடும் கிரானைட் சுவரும்

கல்வெட்டு படிக்கிற தொழில்ங்கிறது, செத்துப்போன ராஜா என்ன சொல்லிட்டுப் போனான்னு கேட்டு, உயிரோட இருக்கிறவங்க உயிரை வாங்குறது. இந்த மாதிரி ஒண்ணுல மாட்டிக்கிட்டு, "இதனால யாருக்கு என்ன பிரயோசனம்?"னு வீட்ல பேச்சு வாங்குற கூட்டாளிகளுக்காகத்தான் இதை எழுதுதேன்.

கயத்தாறுக்குக் கிழக்க, கரிசக்காட்டு நடுவுல ஒரு சின்ன சிவன் கோயில். அதோட அடிச்சுவர்ல, இதுவரைக்கும் யாரும் படிக்காத பாண்டியர் காலத்துக் கல்வெட்டு. கும்பாபிஷேகம் வருதுன்னு, கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சி, தன் உபயமா அந்தச் சுவர் பூராவும் கிரானைட் ஒட்டப் போறார்னு சேதி வந்தது. சிமெண்டு விழுந்தா எழுத்து போச்சு. எந்தப் பாண்டியன் காலம்னு அதுக்குள்ள பார்த்தாகணும், முடிஞ்சா சுவரையும் காப்பாத்தணும்.

போஸ்டர்

எழுத்தைப் படியெடுக்க, தாளை நனைச்சுக் கல்லுல ஒட்டி, பிரஷால தட்டி, மேல மை ஒத்தணும். தாள் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையா நிக்கும்.

குடத்தோட வந்த ஒரு அக்கா நின்னு பார்த்தாங்க. சுவரு, தாளு, கறுப்பு மை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு நினைச்சுட்டாங்க போல. "யாரு தவறுனது?"ன்னாங்க. "ஒரு பாண்டிய ராஜாக்கா, போய்ச் சேர்ந்து பல நூறு வருஷமாச்சு"ன்னேன். குடத்தை இறக்கி வச்சு, உச்சுக் கொட்டிட்டுக் கேட்டாங்க: "அவிய எந்தத் தெரு?"

புள்ளி

மறுநாள் போனா, எழுத்தெல்லாம் மஞ்சப் பெயிண்ட்ல ஜொலிக்குது. மதிலுக்குக் காவிப்பட்டை அடிக்க வந்த பெயிண்டர், நான் கண்ணை இடுக்கிக்கிட்டுப் படிச்சதைப் பார்த்து மனசு இரங்கிட்டாராம். பழைய கல்வெட்டுல பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. படிக்கிறவன்தான் இடம் பார்த்துப் புரிஞ்சுக்கிடணும். இந்த மனுசன் தன் இஷ்டத்துக்குப் புள்ளி வச்சுத் தள்ளியிருந்தார். "வைத்த"ன்னு இருக்க வேண்டியது "வைதத்"னு நிக்குது.

வந்த கோவத்துக்கு என்ன பேசுனேன்னு எனக்கே தெரியாது. டர்பன்டைன் ஊத்தித் துடைச்சே பாதி நாள் போச்சு. பெயிண்டர் பக்கத்துலயே நின்னு ஆறுதல் சொன்னார்: "எழுதுனவனுக்கே எழுதத் தெரியல, நீங்க ஏன் சார் வருத்தப்படுதீய?"

விளக்கு

துடைச்சு முடிச்சு முதல் வரிக்கு வந்தா, ராஜா பேர் இருந்த இடத்துல ஒரு ஓட்டை. எப்பவோ டியூப் லைட் மாட்ட டிரில் போட்டிருக்காங்க. சுத்தியுள்ள கல்லும் பேந்து போச்சு. "ஸ்ரீ" இருக்கு, "பாண்டிய" இருக்கு, எந்தப் பாண்டியன்ங்கிறது மட்டும் இல்ல. அப்படியே உக்காந்துட்டேன். அழுகையே வந்துட்டுது.

மிச்ச வரிகள் தெளிவாத்தான் இருந்தது. கோயில்ல அணையாம ஒரு விளக்கு எரியறதுக்காக, ஒரு வியாபாரி ஆடு குடுத்த சேதி. அதைக் கோயில் பட்டர்கிட்ட சொன்னேன். அவர் முகம் மலர்ந்துட்டுது. "அப்போ சரியான இடத்துலதான் லைட்டைப் போட்டிருக்கோம்."

ஆடு

வியாபாரி குடுத்தது "சாவா மூவாப் பேராடு". சாகாது, கிழடும் ஆகாது. பக்கத்துப் புஞ்சையில ஆட்டுக்கிடை போட்டிருந்த பெரியவர் இதைக் கேட்டுட்டு, அது என்ன இனம்னு விசாரிச்சார். இனமெல்லாம் இல்ல, ஒண்ணு செத்தா அதுக்குப் பதிலா ஒரு குட்டியைச் சேர்த்துக்கிடணும், தொகை குறையவே கூடாது, அதுல வர்ற நெய்தான் விளக்குக்குன்னேன். கம்பை ஊன்றி யோசிச்சார். "ஆடு சரி. மேய்க்கிறவன் செத்தா எந்தக் குட்டியச் சேப்பாவ?"

பாதம்

கொத்தனாரும் கிரானைட்டுமா அண்ணாச்சி வந்து இறங்கினார். நான் சண்டைக்கே தயாரா சுவரை மறிச்சு நின்னேன். அவர் சத்தம் போடல. "என்னதான் எழுதியிருக்கு, வாசிங்க பார்ப்போம்"னார்.

வாசிச்சேன். வியாபாரி பேர், ஊர், ஆடு, விளக்கு. கடைசி வரி, "இத்தன்மம் காத்தான் பாதம் என் தலைமேலன." இந்தத் தர்மத்தைக் காப்பாத்துறவர் பாதத்தை என் தலை மேல வச்சுக்கிடுதேன்னு அர்த்தம்னேன்.

"யாரு பாதத்தை?"

"இன்னைக்கு உங்க பாதத்தைத்தான் அண்ணாச்சி."

அவர் சட்டுனு காலைப் பின்னால இழுத்துக்கிட்டார். செருப்பு போடாத காலுதான், இருந்தாலும் குனிஞ்சு அதையே பார்த்தார். அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டு, பலகை அத்தனையையும் மடப்பள்ளித் தரைக்குப் போடச் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் தோளைத் தொட்டுத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி மெதுவாச் சொன்னார்: "என் பேரு போட்டு வைக்கிற உபயக் கல்லுலயும் அந்தக் கடைசி வரியப் போட்டுக் குடுங்க சார், நாளைக்கு எவன் வந்து அது மேல என்னத்த ஒட்டுவானோ."

பாண்டிய ராஜாவைத் தேடிப் போன நான், தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சிக்குச் சாசனம் எழுதிக் குடுத்துட்டு கோவில்பட்டி பஸ் ஏறினதுதான் இந்த ஆராய்ச்சியில கண்ட முடிவு.