செம்மறி போலக் கத்தியவன்

பெண் செம்மறி கத்துவது போல என்னால் கத்த முடியும். சும்மா ‘மே’ என்று இல்லை. தொண்டையில் கொஞ்சம் சளியை நிறுத்தி, கீழுதட்டைத் தளரவிட்டு, குரல் பாதியில் உடைகிற மாதிரி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் இந்த ஒரு பாடத்தில் நான் பேராசிரியர். ஐஃபல் மலைக்காட்டில் வேட்டைக்காரர்கள் கூடும் இடமெல்லாம், சூப் குடித்து முடிந்ததும் என்னைக் கத்தச் சொல்வார்கள். கத்துவேன். மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். கடைசியில் அந்தக் கத்தல்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

ஜெர்மனிக்கு அகதியாக வந்த புதிதில், ஐஃபலில் ஒரு சிற்றூர் விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். வேட்டைக்காரர்கள் பின்கதவால் பன்றியும் மானும் கொண்டுவந்து போடுவார்கள். தோல் உரிக்க ஆள் இல்லை. எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியும். வேறு எதுவும் தெரியாது. அப்படி அவர்களோடு பழக்கமானேன். ஒரு நவம்பரில், மிருகங்களைக் கலைக்க ஆள் குறைந்தபோது, செம்மஞ்சள் மேலங்கி ஒன்றை மாட்டி, கையில் தடியைத் தந்து, “சத்தம் போட்டுக்கொண்டு காட்டுக்குள்ளால் நட” என்றார்கள். சத்தம் போட எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

அன்றைக்குத்தான் அதைக் கண்டேன். பாறை விளிம்பில் நின்றது. காட்டுச் செம்மறிக் கடா. கரும்பழுப்பு உடம்பு, முதுகில் சேணம் போட்டதுபோல வெள்ளைத் திட்டு, இரண்டு பக்கமும் சுருண்டு வந்த கொம்பு. ரயிலில் டிக்கெட் பார்க்கிறவர் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தது. என்னிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. நான் அந்த இடத்திலேயே கெட்டுப்போனேன்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் போயிருக்கிறது. வேட்டைப் பரீட்சையில் இரண்டு தரம் விழுந்து மூன்றாம் தரம் எழும்பினேன். அதற்காகப் படித்த ஜெர்மன்தான் எனக்குத் தெரிந்த முதல் ஒழுங்கான ஜெர்மன். மானின் காதுக்கு வேட்டைக்காரர் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். காதுவலியோடு மருத்துவரிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் என் வாலும் நலமா என்று கேட்டார்.

முப்பது வருடத்தில் நான் சுட்ட காட்டுச் செம்மறிகள் மூன்று: இரண்டு பெண் ஆடு, கால் முறிந்த குட்டி ஒன்று. கடா ஒன்றுகூட இல்லை.

“இறைச்சிக்கடை எங்கட வீட்டுக்குக் கீழையே இருக்கு,” என்பாள் மனைவி. நாங்கள் அப்போது கொலோன் நகரத்துக்குக் குடிவந்துவிட்டோம். “அங்கை ஆடு ஓடுறேல்லை. தொங்கிக்கொண்டு நிக்குது. அதையாவது உங்களாலை பிடிக்க ஏலும்.”

காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒரு பெரியவர். மரம் அறுக்கும் ஆலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், என்னைவிட இருபது வயது மூப்பு. வேறு ஒருவரும் என்னைத் தங்கள் காட்டுக்குள் விடாத காலத்தில், தன் காட்டில் வேட்டையாடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தவர். அவர் பேசியது எல்லாம் ஜெர்மன். எனக்கு அதை நல்ல தமிழில் மாற்றத் தெரியாது. ஆகவே இங்கே அவரும் எங்கள் ஊர்க்காரர் மாதிரித்தான் பேசுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று இலையுதிர் காலங்களுக்கு முன் அவர் ஒரு கடாவைக் காட்டினார். அதன் இடது கொம்பு ஒழுங்காக வெளியே விரியாமல், கழுத்தை நோக்கி உள்ளே வளைந்து வந்தது.

“அந்தக் கொம்பு நிக்காது, வளர்ந்துகொண்டே இருக்கும்,” என்றார். “ஒருநாள் கழுத்துக்குள்ளை இறங்கும். அதுக்கு முன்னம் சுடவேணும். அது உனக்கு. வேறை ஒருத்தரும் தொடமாட்டினம்.”

எனக்கு ஒரு கடா. அன்று வீட்டுக்கு வரும் வழி முழுவதும் காருக்குள் தனியாக இருந்து செம்மறி போலக் கத்திக்கொண்டு வந்தேன்.

அந்த நாட்களில்தான் பெரியவரின் கண் பற்றி எனக்கு நிச்சயமானது. அதற்கும் ஒரு வருடம் முன்பிருந்தே அவர், “அங்கை நிக்கிறது என்ன, சொல்லு பாப்பம்” என்று கேட்கத் தொடங்கியிருந்தார். படிக்காதவனைப் பரீட்சிக்கிறார் என்று நினைத்துப் பெருமையாகப் பதில் சொன்னேன். “பெண் மான், இரண்டு வயசு.” “ஓம், சரி,” என்பார். ஒருநாள் அப்படிக் கேட்டபோது அங்கே நின்றது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. கேலி என்று நினைத்துத் திரும்பினேன். அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்திருந்தார்.

“அது கட்டை,” என்றேன்.

“எனக்குத் தெரியாதோ?” என்று துப்பாக்கியை இறக்கினார்.

அடுத்த கோடையில் அவர் ஒரு செம்மறியைச் சுட்டார். கிட்டப்போய்ப் பார்த்தோம். முதுகில் நீலச் சாயத்தில் பட்டை போட்டிருந்தது. வேலி தாண்டி வந்த பண்ணை ஆடு. பண்ணைக்காரர் வந்ததும் பெரியவர் தொப்பியைக் கழற்றி, “புகாராலை தெரியேல்லை,” என்று பனிமூட்டத்தின் மேல் பழியைப் போட்டார். பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார்.

“ஓம், சரியான புகார்,” என்றேன்.

அன்று நல்ல வெயில். என் நிழல் அந்த ஆட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து இதைப் பகிடியாகச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

“இண்டைக்கு ஆடு. நாளைக்கு?”

“நான் பக்கத்திலை நிக்கிறன்தானே. நான் பாத்துச் சொல்லுவன்.”

“நீங்கள் அவருக்குக் கண்ணோ? ஆரிட்டையாவது சொல்லுங்கோ.”

“சொன்னா அவரின்ரை அனுமதி போகும். குத்தகை போகும்.”

“உங்கட கடாவும் போகும்,” என்றாள். “அதைச் சொல்லுங்கோவன், என்னப்பா.”

அதுதான் உண்மை. அவருக்காக வாயை மூடினேன் என்று வெளியே சொன்னால் என்னை நல்லவன் என்பார்கள். கொம்புக்காகத்தான் மூடினேன். அந்தக் கொம்பு ஒவ்வொரு வருடமும் கழுத்தை நெருங்கியது. பெரியவரின் கண் ஒவ்வொரு வருடமும் இருண்டது. இரண்டில் எது முந்தும் என்று ஓட்டப்பந்தயம் பார்ப்பவன் போல நான் இருந்தேன்.

போன நவம்பரில் ஒரு காலை. உண்மையாகவே புகார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு இல்லை. சப்பாத்துக் கட்டும்போது மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அவரிட்டைச் சொல்லிப்போட்டியளோ?”

“இண்டைக்குச் சொல்லுறன். முகத்துக்கு நேரை சொல்லுறன்.”

“சொல்லிப்போட்டுத்தான் துவக்கைத் தூக்கவேணும். சரியோ?” என்று என் துப்பாக்கியைக் காட்டினாள்.

“சரி.”

காட்டில் பெரியவருக்கு ஒரு மரக்குடில் இருந்தது. அதன் சுவரில் காட்டின் வரைபடம் கீறிய பலகை. மரங்களுக்கிடையே ஏணி வைத்துக் கட்டிய பரண் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு துளை, ஒரு எண். வேட்டைக்குப் போகிறவர் தான் இருக்கும் பரணின் துளையில் தன் மரமுளையைச் செருகிவிட்டுப் போகவேண்டும். பரணை விட்டு இறங்கி வேறு பக்கம் போவதென்றால், முதலில் குடிலுக்குத் திரும்பி முளையை மாற்றவேண்டும். அந்தக் காட்டில் அதுதான் முதல் சட்டம். யார் எங்கே என்று தெரிந்தால்தான் துப்பாக்கிக்கு எந்தப் பக்கம் திரும்பலாம் என்று தெரியும். என் முளையில் பெரியவர் தன் கையால் ஒரு செம்மறித் தலை செதுக்கித் தந்திருந்தார்.

நான் போனபோது கோப்பி வார்த்துக்கொண்டிருந்தார். பாதி கோப்பைக்குள்ளும் பாதி மேசையிலும் போனது. இப்போது சொல் என்று எனக்கு நானே சொன்னேன். வாயைத் திறந்தேன்.

“கொம்பு முட்டுற சத்தம் கேட்டது,” என்றார் அவர். “பாறைப்பக்கம். உன்ரை ஆள் வந்திட்டான்.”

வாயை மூடினேன்.

அவர் பலகையை விரலால் தடவி, துளைகளை எண்ணி, நாலில் தன் முளையைச் செருகினார். என்னுடையதை ஏழில் செருகினேன்.

ஏழாம் பரணில் ஒரு மணி நேரம் இருந்தேன். பால் ஊற்றியது போல வெள்ளை. பிறகு கீழே கல் உருண்டது. புகார் கொஞ்சம் விலகி, கடா நின்றது. கொம்பின் நுனி கழுத்து மயிருக்குள் புதைந்து தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தலையை ஒருபக்கம் திருப்பி, சட்டைக் காலரில் ஊசி குத்துப்பட்டவன் போல நெளிந்தது. நான் துப்பாக்கியை எடுக்குமுன் மறைந்தது.

இறங்கினேன். முளை ஞாபகத்துக்கு வந்தது. குடிலுக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும். கடா அரை மணி நேரம் எனக்காக நிற்காது. செம்மஞ்சள் மேலங்கியையும் கழற்றிப் பைக்குள் திணித்தேன். அந்தக் கடாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அந்தக் காட்டில் கண் தெரியாதவர் ஒருவர் இருப்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

கல் உருளும் சத்தத்தின் பின்னால் குனிந்து குனிந்து போனேன். சரிவில் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று தெரியாது. சத்தம் நின்றது. நானும் நின்றேன். ஒரு முதிர்ந்த பீச் மரத்தின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, தொண்டையில் சளியை நிறுத்தி, உதட்டைத் தளரவிட்டு, கத்தினேன்.

முப்பது வருடத்தில் அவ்வளவு நன்றாக நான் கத்தியதில்லை.

மறுபடியும் கத்தினேன். புகாருக்குள்ளிருந்து கடா வந்தது. இருபது அடி. மூச்சு ஆவியாகப் போவது தெரிந்தது. துப்பாக்கியை மெல்ல உயர்த்தினேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால், மேலே, ‘டிக்’ என்று ஒரு சத்தம். பேனாவை அழுத்தினால் வருமே, அவ்வளவுதான். துப்பாக்கியின் பூட்டைத் தள்ளும் சத்தம். பெரியவரின் துப்பாக்கியின் பூட்டு கொஞ்சம் இறுகி இரண்டு தரமாகத்தான் விழும். டிக். இன்னொரு டிக்.

கடாவும் கேட்டது. பாய்ந்தது. நானும் விழுந்தேன். யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தது போல இருந்தது; வெடிச்சத்தம் அதன் பிறகுதான் கேட்டது போல ஞாபகம்.

மரத்தின் வேருக்குள் முகத்தை வைத்துக் கிடந்தேன். சாகவில்லை என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு புகையிலை மணம் வந்தது. பெரியவரின் பைப். நான் நாலாம் பரணுக்குக் கீழே வந்து கத்தியிருக்கிறேன். சுட்டவுடன் மிருகத்திடம் ஓடக்கூடாது, ஒரு பைப் புகைத்து முடியும்வரை பரணிலேயே இருக்கவேண்டும், அது அமைதியாகச் சாகட்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் என்னை அமைதியாகச் சாகவிட்டுக்கொண்டிருந்தார். நான் அசைந்தால், காயப்பட்ட ஆடு எழும்புகிறது என்று இன்னொன்று சுடுவார். அதுவும் எங்கள் வழக்கம்தான்.

பேசவேண்டும். ஜெர்மன் வரவில்லை. பரீட்சைக்குப் படித்த சொல், மருத்துவரிடம் சொன்ன சொல், ஒன்றும் வரவில்லை.

“ஐயோ, சுடாதேங்கோ! நான்தான்! அண்ணை, நான்தான்!”

அவரோடு நான் ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. அண்ணை என்று கூப்பிட்டதும் இல்லை. மேலே ஒரு சத்தமும் இல்லை. புகைமணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு துப்பாக்கி திறபட்டது. தோட்டாக்கள் ஒவ்வொன்றாக ஏணிப்படியில் பட்டுப்பட்டுக் கீழே விழுந்தன.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். என்னைத் தேட அவருக்குக் கஷ்டமாக இருந்தது. “இஞ்சை, இஞ்சை” என்று குரல் கொடுத்தேன். அவர் கையில் ஊசியிலைக் கிளை ஒன்று இருந்தது. சுட்ட மிருகத்தின் வாயில் கடைசிக் கவளமாக அதை வைப்பார்கள். பரணில் இருந்தபடியே ஒடித்து வைத்திருக்கிறார். அதைக் கையில் வைத்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

“கவளம் ஆருக்கு?” என்று கேட்டேன். என் வாய்க்கு அந்த நேரத்திலும் வெட்கமில்லை.

அவர் கையைப் பார்த்தார். கிளையைக் கீழே போட்டார். என் சட்டையைத் தடவி, ஓட்டைக்குள் விரல் போனதும் நிறுத்தினார்.

“உனக்கு எப்ப தொடக்கம் தெரியும்?”

“மூண்டு வருசம்.”

“ஏன் சொல்லேல்லை?”

கடா போன திசையைப் பார்த்தேன். அவருக்கு அது தெரியாது என்பதால் வாயாலும் சொல்லவேண்டி வந்தது. “அந்தக் கொம்புக்காக.”

அவர் கத்தவில்லை. வேர் ஒன்றில் உட்கார்ந்தார். “நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை,” என்றார். “நீ பக்கத்திலை நிக்கிறாய் எண்டுதான் இருந்தன். நீ ஏழிலை எல்லோ?”

அடுத்த வாரம் அவர் தன் துப்பாக்கிகளையும் அனுமதிப் பத்திரத்தையும் மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைத்தார். காரை ஓட்டியது நான். குத்தகை வேறு கைக்குப் போனது. பனி கரைந்த பிறகு, பாறைக்குக் கீழே அந்தக் கடா செத்துக் கிடந்ததாக விடுதிக்காரர் சொன்னார். கொம்பு கழுத்துக்குள் இறங்கியிருந்ததாம். இன்னும் விவரம் சொல்ல வந்தார். நான் வேண்டாம் என்றேன்.

சுடுபட்ட அன்று காட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். “முள்ளிலை கொழுவிக் கிழிஞ்சுபோச்சு. ஒருக்காத் தைச்சுத் தாரும்.”

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். விலாப்பக்கம் ஒரு ஓட்டை. ஒரு சாண் தள்ளி இன்னொன்று.

“முள்ளு இந்தப் பக்கத்தாலை போய் அந்தப் பக்கத்தாலை வந்திருக்கு, என்ன?”

அவள் இரண்டு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

“சொல்லிப்போட்டுத்தானே துவக்கைத் தூக்கினனீங்கள்?”

“இல்லை.”

சட்டையைக் கதவுக்குப் பின்னால் கொழுவினாள். ஊசிநூல் எடுக்கவில்லை.

“தைக்கமாட்டன்,” என்றாள். “கிடக்கட்டும்.”

இன்னும் அங்கேதான் தொங்குகிறது. காலையில் முன்னறை ஜன்னலால் வெயில் விழும் நேரத்தில், கதவில் இரண்டு சின்ன வெளிச்சப் பொட்டுகள் தெரியும். புகார் நாட்களில் தெரியாது. அந்த நாட்களில்தான் நான் அடிக்கடி போய்ப் பார்க்கிறேன்.