ஒரு நூல் வெளிச்சம்

மாலை ஆறு மணிக்கு மனைவி அடுப்படிக்குள் நுழைந்ததும், லைட்டுக்காரர் நுனிக்காலில் கூடத்துக்கு வந்து விளக்கின் ரெகுலேட்டரை இடப்பக்கம் ஒரு நூல் அளவு திருப்புவார். ஒரே ஒரு நூல். பிறகு ஒன்றும் அறியாத முகத்தோடு செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

நாடக அரங்கில் இருபத்தாறு வருடமாக விளக்குகள் அவர் கையில். நடுப்பகலை அந்தியாக்க அரைமணி நேரம் போதும், முன்வரிசைக்காரருக்குக்கூடத் தெரியாது. "படக்குனு அணைச்சா கத்துவாங்க. மெதுவா இறக்குனா கண்ணும் கூடவே இறங்கி வந்துரும்" என்பார்.

இந்த வித்தை வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சுவர். மனைவி அக்கா வீட்டுக்குப் போன வாரத்தில், சன்னலில்லாத அந்தக் கூடத்துக்குத் தானே வண்ணம் பூசினார். பாதியில் பெயிண்ட் தீர்ந்தது. இரண்டாவதாக வாங்கிய டப்பா வேறு நிறம். வலப்பாதி வெண்ணெய் நிறம்; இடப்பாதி வெளிறிய பச்சை.

திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க இது, ரெண்டு கலரு?"

"ஈரம்மா. காய்ஞ்சா ஒண்ணாயிடும்."

சொன்ன வாய்க்காக மறுநாளே ரெகுலேட்டர் பொருத்தினார். இரண்டு மாதத்தில் சுவர் 'காய்ந்தது'.

ஒருநாள் மச்சான் வெயிலிலிருந்து உள்ளே வந்து, முக்காலியில் இடித்துக்கொண்டு அலறினான். "ஏன்க்கா இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"எங்கடா இருட்டு?" என்றாள் அவள், உண்மையாகவே. கால்மணி கழித்து அவனும் அங்கேயே உட்கார்ந்து தலைப்புச் செய்தி படித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அவள் தையல்காரி. ஒரு மாலை, மடியில் யாருடைய சட்டையோ கிடக்க, ஊசியும் நூலுமாக அழுதுகொண்டிருந்தாள். "கண்ணு போயிட்டிருக்குங்க. ஊசிக்காதே தெரியல. இனி யாருகிட்டயும் துணி வாங்கப்போறதில்ல."

லைட்டுக்காரர் சொல்லிவிட வாயெடுத்தார், சுவரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கண் மருத்துவர் குறையொன்றும் இல்லை என்று ஏதோ சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து ரெகுலேட்டர் வலப்பக்கம் நகர்ந்தது. தினம் ஒரு நூல்.

தெருவெல்லாம் அவள் வாயில் மருந்தின் புகழ்தான். "அமிர்தம் அது! நாளுக்கு நாள் தெளியுது!" வந்த துணிகளையெல்லாம் மறுபடி வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் தையலிலிருந்து நிமிர்ந்தவள், சுவரை வெகுநேரம் பார்த்தாள். "ஏங்க, பாதி பச்சையா இருக்கே. உங்களுக்குத் தெரியலையா?"

"எங்கே? ஒரே கலர்தானே?"

"அடக்கடவுளே, உங்களுக்கும் வந்துருச்சா!" பதறியடித்து மருந்துப் புட்டியை எடுத்து வந்தாள்.

லைட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு விரலால் தன் இமைகளைத் தானே அகலப் பிரித்துக் காட்டினார்.