ஞானசௌந்தரி சிஸ்டரும் அந்த மூன்றாம் நாளும்

ஞானசௌந்தரி சிஸ்டர் இறந்துவிட்டார் என்று அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது, ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்த எண் மறந்துபோய் மறுபடியும் பார்த்தேன்.

நம் மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய சிரிப்பு நினைவிருக்கும். எனக்கு ஒரு மத்தியானம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஒரத்தநாட்டுப் பக்கம் சம்பா வயலில் எதிர்காற்றில் பூச்சிமருந்து அடித்த செல்வராசு, வாயில் நுரை தள்ள எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். நரம்பு சொல்வதைத் தசைக்கும் சுரப்பிக்கும் கொண்டுசேர்ப்பது அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கியதால் அசிட்டைல்கோலின் தேங்கி, நுரையீரலில் நீர் சுரந்துகொண்டே இருந்தது. சுரப்பிகளில் அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை, நாங்கள் போட்ட அட்ரோபின் ஊசி அடைத்தது. நெஞ்சுச் சத்தம் அடங்கியது. மூன்றாம் நாள் காலை இட்லி சாப்பிட்டார். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டேன்.

மத்தியானம் சிஸ்டர் வந்தார். “டாக்டர், செல்வராசு அண்ணனால தலையைத் தூக்க முடியலைங்க.”

“களைப்பா இருக்கும், சிஸ்டர்.”

“களைப்புன்னா பேச்சு குழறுமா? எனக்குப் பயமா இருக்கு. நீங்களே வந்து பாருங்க.”

போனேன். செல்வராசு முழு நினைவோடு என்னைப் பார்த்தார். தலையணையிலிருந்து தலை எழவில்லை. ஒரு மூச்சில் ஐந்துக்கு மேல் எண்ண முடியவில்லை. எலும்புத் தசையில் இருக்கும் ஏற்பிகள் வேறு வகை. அட்ரோபின் அங்கே வேலை செய்யாது. ஓயாமல் தூண்டப்பட்டு அந்தத் தசைகள் ஓய்ந்துகொண்டிருந்தன. முதலில் கழுத்து, அடுத்தது மூச்சு. படித்திருந்தேன்; மறந்திருந்தேன்.

வெண்டிலேட்டர் இருந்த தஞ்சாவூர் பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கிளம்பினோம். பாதி வழியில் மூச்சு நின்றது. சிஸ்டர் அவர் முகத்தில் மூச்சுப் பையை வைத்து அழுத்தத் தொடங்கினார். செல்வராசின் கண்கள் திறந்தே இருந்தன. எல்லாம் அவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

“நீங்க மூச்சு விட வேணாம்ணே. உங்களுக்கும் சேத்து நான் விடுறேன்” என்றார் சிஸ்டர். அவர் கண்களைப் பார்த்தபடியே பையை அழுத்திக்கொண்டிருந்தார்.

பல நாள் வெண்டிலேட்டரில் கிடந்து, செல்வராசு நடந்தே வீடு திரும்பினார்.

பிறகொருநாள் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பயம் விட்டுப்போச்சுன்னா இந்த வேலையை விட்டுடணும் டாக்டர்” என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பயத்தைத்தான் அவரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். ‘தேறிவிட்டார்’ என்று எழுதப்போகும்போதெல்லாம் கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. எழுந்துபோய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வருகிறேன்.